தொனெலைத்திஸின் கவிதையை நம் மாணவர்கள் மேடையேற்றுவது குறித்து

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இந்த ஆண்டு விழாவில் லிதுவேனியக் கவிஞர் கிறிஸ்தியோனாஸ் தொனெலைத்திஸின் ‘மெதாய்’ என்னும் நெடுங்கவிதையிலிருந்து சில பகுதிகளை நாடகமாக நடிக்கவிருக்கிறார்கள். பெயரைச் சொல்லவே நாக்குப் புரளாத ஒரு கவிஞரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்றும், தொடர்ச்சியான கதை இல்லாத கவிதையை எப்படி நடிப்பார்கள் என்றும் பெற்றோர் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். அன்று நேரமில்லாமல் சுருக்கிச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தொனெலைத்திஸ் 1714-இல், பால்டிக் கடலோரத்தில் ஜெர்மானிய ஆட்சியில் இருந்த அன்றைய கிழக்குப் பிரஷ்யாவில், லிதுவேனியர் வாழ்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தார். கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்து, 1743 முதல் 1780-இல் இறக்கும்வரை தோல்மின்கேமிஸ் என்ற ஊரில் லூத்தரன் பாதிரியாராக இருந்தார். அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1709 முதல் 1711 வரை பரவிய கொள்ளைநோயால் அப்பகுதியின் கிராமங்கள் வெறிச்சோடிப்போயின. காலியான நிலங்களில் வெளியூர்க் குடியேறிகள் அமர்த்தப்பட்டார்கள். எஞ்சியிருந்த லிதுவேனிய உழவர்கள் பண்ணைகளில் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அந்த உழவர்களின் ஓராண்டு வாழ்க்கையை, வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பகுதிகளாக, அவர்கள் பேசிய மொழியிலேயே, கிரேக்க இலத்தீன் காப்பியங்களுக்கு உரிய யாப்பில், ஏறத்தாழ 3,000 அடிகளில் அவர் பாடினார். ‘மெதாய்’ என்றால் ஆண்டு என்று பொருள். அது அச்சானதை அவர் பார்க்கவில்லை. இறந்து 38 ஆண்டுகள் கழித்து, 1818-இல்தான் லுத்விகாஸ் ரேசா என்ற அறிஞர் அதைப் பதிப்பித்தார். பின்னிரண்டு பகுதிகளின் மூலக் கையெழுத்துப்படி தொலைந்துபோக, இன்னொருவர் பார்த்து எழுதிவைத்த படியால்தான் அவை நமக்குக் கிடைத்தன.

இந்தக் கவிதையை மேடைக்குக் கொண்டுவருவது நம் கண்டுபிடிப்பு அன்று. லிதுவேனியாவின் பெரும் இயக்குநர் எய்முந்தாஸ் நெக்ரோஷியஸ் 2003-இல் வசந்தப் பகுதியையும் இலையுதிர்காலப் பகுதியையும் நாடகங்களாக்கினார். படித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இதில் வருணனையைவிடச் செயலே அதிகம். வசந்தத்தில் நாரை திரும்பி வருகிறது. கூரை முகட்டில் நின்று அலகைத் தட்டுகிறது. அதன் துணையும் வந்துசேர, குளிர்காலம் சிதைத்த கூட்டை இரண்டும் பார்க்கின்றன. ஆண் சுள்ளிகளைக் கட்டாகக் கொண்டுவருகிறது. பெண் அழகாக ஒட்டுப்போட்டு வீட்டைச் சரிசெய்கிறது. பிறகு தவளைகளைத் தின்று பசியாறி, இறைவனுக்கு நன்றி சொல்கின்றன. ஒத்திகையில் இரண்டு பெஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முருங்கைச் சுள்ளிகளை வைத்து இதை நடித்தபோது, சுள்ளி எடுத்துக்கொடுத்த மாணவன் வசனம் எதுவும் பேசவில்லை. ஆனாலும் எல்லார் கண்ணும் அவன் மீதே இருந்தது. எனவே என் பிள்ளைக்கு வசனம் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் கதாநாயகன் என்று யாருமில்லை. அடிகளை எல்லா மாணவர்களும் பங்கிட்டுச் சொல்கிறார்கள்.

ஆங்கில மொழிபெயர்ப்பைத் துணைக்கொண்டு நம் தமிழாசிரியர்கள் மாணவர்களோடு சேர்ந்தே தமிழ் வடிவத்தை எழுதினார்கள். மூலத்தின் ஒவ்வோர் அடியிலும் ஆறு சீர்கள் இருப்பதால், தமிழிலும் அடிக்கு ஆறு சீர் வைத்தார்கள். கவிதையின் முதல் அடியில் சூரியன் மீண்டும் மேலேறி வந்து உலகத்தை எழுப்புகிறது. மூலத்தில் அச்சொல் வெறும் சூரியன் அன்று. ‘சவுலெலே’ என்று செல்லமாக அழைக்கும் வடிவம். ‘சின்னச் சூரியன்’ என்று நாங்கள் எழுதியிருந்ததைப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எங்கள் வீட்டில் செல்லமாகக் கூப்பிட ‘கண்ணு’ என்றுதானே சொல்வோம் என்றாள். இப்போது நாடகம் ‘சூரியக்கண்ணு’ என்ற சொல்லோடு தொடங்குகிறது. அன்றுமுதல் அந்தக் கவிதை அவர்களுடையதாகிவிட்டது என்றே நான் நம்புகிறேன்.

ஒரு காட்சியைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. கோடைப் பகுதியில் புலவுச்சூனாஸ் என்னும் உழவன் விருந்தில் குடித்துவிட்டு, புல் அறுக்கும் தன் புதிய நீள்பிடி அரிவாளைத் தொலைத்துவிடுகிறான். இதை நீக்கலாமா என்று ஆசிரியர்கள் யோசித்தார்கள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தம் மக்களை நேசித்த அந்தப் பாதிரியார் அவர்களுடைய சோம்பலையும் குடியையும் மறைக்காமல் எழுதினார். அதை நாம் மறைத்தால் அவர் நேசத்தையும் சேர்த்தே மறைத்தவர்களாவோம். மேடையில் குடிக்கும் காட்சி இராது. அரிவாளைத் தேடி அலைவது மட்டுமே நடிக்கப்படும்.

ஒத்திகை செவ்வாய், வியாழக்கிழமைகளில் மாலை 4 முதல் 5.15 வரை நடைபெறும். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஒத்திகை இல்லை. உடைக்காக யாரும் பணம் செலவிட வேண்டாம். பழைய கோணிச் சாக்கு, வெளிறிய பருத்திப் புடவை, வெள்ளை வேட்டி ஆகியவை வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்புங்கள், தையலாசிரியை பார்த்துக்கொள்வார். மேடைக்கு உண்மையான அரிவாள் எதையும் கொடுத்தனுப்ப வேண்டாம், அட்டையில் செய்துகொள்கிறோம். மாலையில் பிள்ளையை அழைத்துச்செல்ல வருபவரின் பெயரை இணைப்புப் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்