இறையியலாளர் கழகத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்: பணியிடத்தை விடுத்து ஆய்வைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய தலைவர், செயலர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கழகத்தின் விதிகளில் உறுப்பினர் தகுதியைக் கூறும் பிரிவு, இறையியலில் முனைவர் பட்டம் பெற்று, உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் அதைக் கற்பிக்கும் பணியில் இருப்பவரே முழு உறுப்பினர் ஆகலாம் என்கிறது. பணி போய்விட்டால் அவர் துணை உறுப்பினர் ஆகிவிடுகிறார். துணை உறுப்பினர் சந்தா கட்டலாம், மாநாட்டில் கட்டுரை வாசிக்கலாம், பொதுக்குழுவில் உட்கார்ந்து கேட்கலாம். வாக்களிக்க முடியாது, அமர்வுக்குத் தலைமை தாங்க முடியாது, ஆய்விதழின் ஆசிரியர் குழுவிலோ செயற்குழுவிலோ இடம்பெற முடியாது. இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். நான் 11 ஆண்டுகள் ஒப்பந்த விரிவுரையாளராகப் பணியாற்றிய துறை வேறொரு துறையோடு இணைக்கப்பட்டபோது என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அடுத்த மாதமே ‘உறுப்பினர் வகை மாற்றம்’ என்ற தலைப்பிட்டுக் கழகத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. விதிப்படி அனுப்பப்பட்ட கடிதம்தான். அனுப்பியவர் மீது எனக்கு வருத்தமில்லை.

என் ஆய்வைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதியுங்கள். நான் கேட்பதன் நியாயம் அதற்குள்ளேயே இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தைத் திருச்சபைத் தந்தையர், அதாவது முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ ஆசிரியர்கள், எப்படிப் படித்தார்கள் என்பதே நான் பல ஆண்டுகளாகத் தேடிவரும் பொருள். அந்த வசனத்தின் இறுதியில் கிரேக்க மூலத்தில் ‘எஃப் ஹோ’ என்ற இரண்டு சிறு சொற்கள் வருகின்றன. இன்றைய மொழிபெயர்ப்பாளர்களில் பெரும்பாலோர் அவற்றை ‘ஏனெனில்’ என்ற பொருளில் கொள்கிறார்கள். எல்லாரும் பாவம் செய்தபடியால் சாவு எல்லாரையும் பற்றிக்கொண்டது என்பது அப்போது கிடைக்கும் வாசிப்பு. பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு அதே இடத்தில் ‘இன் குவோ’ என்று எழுதியது. இலத்தீனில் எழுதிய இறையியலாளர் அகஸ்தினார் அதை ‘அவனுக்குள்’ என்று படித்து, ஆதாம் என்ற ஒருவனுக்குள்ளேயே மனித குலம் முழுவதும் பாவம் செய்துவிட்டது என்று பொருள் கொண்டார். ஆதாமின் பாவத்தில் எல்லா மனிதருக்கும் பங்கு உண்டு என்னும் ஆதிப்பாவக் கோட்பாடு இந்த இரண்டு சொற்களின் மேல் மட்டுமே நிற்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மேற்குத் திருச்சபை அந்தக் கோட்பாட்டைச் சொல்லிய விதத்திலும், கிரேக்கத்திலேயே படித்த கீழைத் திருச்சபை வேறு வழியில் சிந்தித்ததிலும் இந்தச் சொற்களுக்குப் பங்கு உண்டு.

அகஸ்தினாருக்கு முன்பே அந்த இலத்தீன் சொற்களை அப்படி விளக்கியவர், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் உரையாசிரியர். அவருடைய உரை நெடுங்காலம் மிலான் ஆயர் அம்புரோசியாரின் பெயரில் கைமாறி வந்தது. அது அவருடையது அன்று என்று தெரிந்த பிறகு, வேறு பெயர் கிடைக்காததால் அம்புரோசியாஸ்டர் என்று அழைத்து வருகிறோம். அவர் எந்தப் பதவியில் இருந்தார், யாரிடம் படித்தார், எங்கே கற்பித்தார் என்பது நம்மில் எவருக்கும் தெரியாது. ஆனால் அந்த வசனத்தைப் பற்றி எழுத உட்காரும் எவரும் அவருடைய உரையைத் திறக்காமல் எழுத முடியாது.

இந்த ஆய்வின் ஒரு பகுதியைச் சென்ற முறை மாநாட்டுக்கு அனுப்பினேன். கட்டுரைச் சுருக்கங்களை எழுதியவரின் பெயரும் நிறுவனமும் மறைக்கப்பட்ட நிலையில் மதிப்பிடுவது நம் கழகத்தின் நல்ல வழக்கங்களுள் ஒன்று. அப்படிப் படித்தவர்கள் என் சுருக்கத்தை ஏற்றார்கள். இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார்கள், இரண்டும் சரியான திருத்தங்கள். அதன்பின் பதிவுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், பட்டம், நிறுவனம். மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கோடு போட்டேன். மாநாட்டு வாயிலில் தந்த பெயர் அட்டையில் என் பெயருக்குக் கீழே அந்தக் கோடு அப்படியே அச்சாகியிருந்தது. மூன்று நாட்களும், என்னிடம் பேச வந்தவர்களின் பார்வை என் முகத்திலிருந்து பெயருக்கும், பெயரிலிருந்து அந்தக் கோட்டுக்கும் இறங்குவதைப் பார்த்தேன். அவர்களில் எவரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் பலர் தயங்கினார்கள், அவ்வளவுதான். அமர்வின் தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது ‘முன்னாள் விரிவுரையாளர்’ என்றார். நான் அன்று காலை வாசித்தது முன்னாள் ஆய்வு அன்று. முந்தைய வாரம்வரை திருத்திக்கொண்டிருந்த ஆய்வு.

கட்டுரையைப் படிக்கும்போது பெயரையும் நிறுவனத்தையும் மறைத்துவிட வேண்டும் என்று அறிந்திருக்கிற கழகம், ஆளைச் சேர்க்கும்போது நிறுவனத்தையே முதலில் கேட்கிறது. முதல் வழக்கம் சரியென்றால் இரண்டாவது சரியாக இருக்க முடியாது.

பணி என்பது ஒருவருடைய அறிவைக் குறித்து வேறு எவரோ தரும் சான்றிதழ் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பணி நியமனம் செய்பவர்கள் பார்ப்பவை மாணவர் எண்ணிக்கை, நிதிநிலை, பாடத்திட்டத் தேவை, பல இடங்களில் திருச்சபை அதிகாரத்தின் ஒப்புதல். ஆய்வும் பார்க்கப்படுகிறது என்பதை மறுக்கவில்லை. அது பல காரணங்களுள் ஒன்று. பணியை நீக்குபவர்களுக்கோ ஆய்வு பெரும்பாலும் ஒரு காரணமே அன்று. இதற்கு நம் துறையின் வரலாற்றைவிட நல்ல சாட்சி வேறெங்கும் இல்லை. நாஜி ஆட்சியை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் தீட்ரிக் போன்ஹோஃபர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை 1936இல் இழந்தார். நம் விதிப்படி அந்த ஆண்டே அவர் துணை உறுப்பினர் ஆகியிருப்பார். இன்று உலகமெங்கும் அவரைப் படிப்பவர்கள் படிக்கும் எழுத்துகளில் பெரும்பகுதி அதன் பிறகு எழுதப்பட்டது. அதில் ஒரு பகுதி சிறைக்குள்ளிருந்து வந்தது. சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த், ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, 1935இல் பான் நகரப் பேராசிரியர் பதவியை இழந்தார். பாசல் பல்கலைக்கழகம் உடனே அழைத்துக்கொண்டது அவருடைய நல்வாய்ப்பு.

திருத்தந்தை தவறமாட்டார் என்ற கோட்பாட்டைக் கேள்விக்குள்ளாக்கிய கத்தோலிக்க இறையியலாளர் ஹான்ஸ் கூங் விவகாரம் இன்னும் நுட்பமானது. 1979 டிசம்பரில் கத்தோலிக்க இறையியல் ஆசிரியராகக் கற்பிக்கும் அங்கீகாரம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. டியூபிங்கன் பல்கலைக்கழகம் அவரைக் கத்தோலிக்க இறையியல் புலத்துக்கு வெளியே வைத்துப் பேராசிரியராகத் தொடரச் செய்தது. இன்னொரு பல்கலைக்கழகமாக இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்குமா? அவர் சொன்னதை ஏற்பவரும் மறுப்பவரும் நம் கழகத்தில் இருக்கிறோம், அது வேறு. ஒரு பல்கலைக்கழக நிர்வாகம் எடுக்கும் முடிவு, அவர் இறையியலாளரா இல்லையா என்ற கேள்விக்கு விடையாகிவிடக்கூடாது. உறுப்பினர் தகுதியைப் பணியோடு கட்டிவைக்கும்போது, யாரை நம்மவராகக் கொள்வது என்று முடிவு செய்யும் உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கும் சபை அதிகாரங்களுக்கும் அரசுகளுக்கும் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

மற்ற துறைகளுக்கும் இது ஓரளவு பொருந்தும். வேதியியலாளருக்கு ஆய்வுக்கூடம் வேண்டும் என்பதால் அவர்களுடைய சங்கங்கள் பணியிடத்தைக் கேட்டால் அதில் ஏதோ ஒரு பொருள் இருக்கலாம். இறையியலுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. பெர்லின் பல்கலைக்கழகம் 1810இல் தொடங்கப்பட்ட காலத்தில், இறையியலுக்கு அங்கே இடம் உண்டா என்ற கேள்வியே எழுந்தது. இடம் உண்டு என்று வாதாடி வென்ற ஜெர்மானிய இறையியலாளர் ஷ்லையர்மாகர், இறையியலின் பகுதிகளை ஒன்றாகப் பிணைப்பது திருச்சபையை வழிநடத்தும் பணியே என்றார். பல்கலைக்கழகத்துக்குள் நமக்கு இடம் பெற்றுத் தந்த வாதமே, நம் துறையின் காரணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வைத்தது.

அதனால்தான் வெளியே இருந்தவர்கள் திரும்பத் திரும்ப இத்துறையை அசைத்திருக்கிறார்கள். பார்த் உரோமையர் திருமுகத்துக்கு உரை எழுதியபோது சாஃபன்வில் என்ற சிற்றூரில் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த சபையின் போதகராக இருந்தார். முனைவர் பட்ட ஆய்வேடு எதையும் அவர் எழுதியிருக்கவில்லை. அந்த உரையைப் படித்த பிறகே 1921இல் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. பெரு நாட்டுக் குருவானவர் குஸ்தாவோ குத்தியேரஸ், ஏழைகளின் விடுதலையை மையமாகக் கொண்ட விடுதலை இறையியலுக்குப் பெயர் சூட்டிய நூலை 1971இல் வெளியிட்டார். லியோன் நகரில் முனைவர் பட்டம் பெற்றது 1985இல். சியன்னா நகரத்துக் கத்தரீன் சாயத் தொழிலாளியின் மகள், எந்தக் கல்விக்கூடத்திலும் பயின்றவர் அல்லர். 1970இல் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது திருச்சபை முழுவதற்கும் ஆசிரியர், என்று அறிவித்தது. இவர்கள் எழுதியதைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர்கள் நம் கழகத்தில் எத்தனையோ பேர். அவர்களுக்கு முழு உறுப்பினர் அட்டை இருக்கிறது.

கதவைத் திறந்துவிட்டால் தரம் கெடும் என்று மூத்த உறுப்பினர்கள் அஞ்சுவதை நான் அறிவேன். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்தவில்லை. மொழி அறியாமல் மூலத்தைப் பற்றி எழுதுபவர்கள், பணம் கொடுத்து இதழில் கட்டுரை வெளியிடுபவர்கள், பட்டத்தையே விலைக்கு வாங்குபவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் சிலர் பணியிலும் இருக்கிறார்கள் என்பதை நாம் எல்லாரும் அறிவோம். பணி என்ற வேலி அவர்களைத் தடுக்கவில்லை. தடுக்கக்கூடியது வாசிப்பு ஒன்றே. விண்ணப்பிப்பவரின் எழுத்துகளில் இரண்டையோ மூன்றையோ பெயரை மறைத்து, அத்துறை அறிந்த இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உழைப்பு கூடும் என்பது உண்மைதான். அறிஞர் கழகம் ஒன்று உழைக்க வேண்டிய இடம் அதுவே என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் செயற்குழு கவனிக்க வேண்டும். பணியிழப்பு எல்லாப் பாடங்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. மாணவர் குறைந்த பாடங்களே முதலில் நிறுத்தப்படுகின்றன. பழைய மொழிகளும் தந்தையரியலும் அவற்றில் முன்வரிசையில் நிற்கின்றன. 4ஆம் நூற்றாண்டுத் திருச்சபைத் தந்தை எப்ரேம் தம் இறையியலைப் பாடல்களாகவே எழுதிவைத்த சிரியாக் மொழியைக் கற்பிக்கும் இடம் ஒன்று மூடப்படும்போது, அங்கே கற்பித்தவர் நம் விதிப்படி வாக்குரிமையை இழக்கிறார். அடுத்த மாநாட்டில் சிரியாக் அமர்வு தேவையா என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவருக்காகப் பேச எவரும் இருப்பதில்லை. அமர்வும் போய்விடுகிறது.

நூலகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணியோடு நான் இழந்தவற்றில் சம்பளத்துக்கு அடுத்தபடி பெரியது அதுவே. மீன்யே என்ற பிரெஞ்சுக் குருவானவர் இலத்தீன் தந்தையரின் நூல்களை 1844 முதல் 1855 வரை 217 தொகுதிகளாக அச்சிட்டார். பேராசிரியர் பதவி எதிலும் இல்லாமல் அச்சகம் நடத்தியே அதைச் செய்தார். அந்தத் தொகுதிகள் இன்று எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அம்புரோசியாஸ்டரின் உரோமையர் உரைக்கு அவை போதாது. அந்த உரை மூன்று வடிவங்களில் நமக்கு வந்திருக்கிறது. அவற்றை ஒப்பிட்டுக் காட்டும் வியன்னா பதிப்பின் தொகுதி 1966இல் வெளிவந்தது, அது பெரிய நூலகங்களில்தான் இருக்கிறது. நூலக அட்டை காலாவதியான பிறகு அந்தத் தொகுதியின் நாற்பது பக்கங்களுக்காக நான் ஆறு வாரம் காத்திருந்தேன். ஒரு நண்பர் தம் பெயரில் எடுத்து, பக்கம் பக்கமாகப் படம்பிடித்து அனுப்பினார். அவருடைய கட்டைவிரல் சில பக்கங்களின் அடிக்குறிப்பை மறைத்திருந்தது. அந்தப் பக்கங்களை மறுபடியும் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. பணியில்லாத உறுப்பினர்களுக்காகக் கழகம் தன் முத்திரையுடன் நூலகங்களுக்கு அறிமுகக் கடிதம் வழங்கலாம்; ஒன்றிரண்டு பெரிய நூலகங்களோடு வாசகர் அனுமதிக்கு உடன்பாடு செய்துகொள்ளலாம். மாநாட்டுக் கட்டணத்தையும் வருமானத்துக்கு ஏற்ப அமைக்கலாம். இவற்றில் எதற்கும் விதித் திருத்தம்கூடத் தேவையில்லை.

உறுப்பினர் யார் என்ற வரையறையைத் திருத்துவது அறிஞர் கழகங்களுக்குப் புதிதன்று. 1880இல் தொடங்கிய விவிலிய இலக்கியக் கழகம் ஒரு பெண்ணைத் தலைவராகப் பெற்றது 1987இல். எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சாவே அந்த முதல் பெண் தலைவர். 1976இல் தாருஸ்ஸலாமில் கூடிய மூன்றாம் உலக இறையியலாளர்கள், பல்கலைக்கழகங்கள் வகுத்த அளவுகோலுக்குள் தங்கள் இறையியல் அடங்காது என்று அறிந்து தங்களுக்கெனத் தனி அமைப்பையே தொடங்கினார்கள். பணியில்லாத இறையியலாளர்கள் தனியாகப் பிரிந்துபோக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. இந்தக் கழகத்தில்தான் என் முதல் கட்டுரையை வாசித்தேன். என் முதல் பிழையைப் பலர் முன்னிலையில், ஆனால் மனம் நோகாதபடி திருத்தியவரும் இதன் உறுப்பினரே.

செயற்குழுவின் பரிசீலனைக்கு நான் முன்வைக்கும் திருத்த வாசகம் இது: ‘இறையியலில் முனைவர் பட்டம் பெற்றவரோ, அதற்கு இணையான ஆய்வு எழுத்துகளை வெளியிட்டுள்ளவரோ, அவருடைய எழுத்துகள் உறுப்பினர் தேர்வுக் குழுவால் மதிப்பிடப்பட்டு ஏற்கப்பட்டபின் முழு உறுப்பினர் ஆகலாம். பணியில் ஏற்படும் மாற்றம் எதுவும் உறுப்பினர் வகையைப் பாதிக்காது.’ பணியை இழந்ததால் துணை உறுப்பினராக்கப்பட்டவர்களை மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லாமல் முந்தைய நிலைக்கே திருப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விதித் திருத்தத்தைப் பொதுக்குழுவில் முன்மொழிய முழு உறுப்பினர் ஒருவரும் வழிமொழிய இன்னொருவரும் வேண்டும். எனக்கு அந்த உரிமை இல்லை. இதை வாசிக்கும் முழு உறுப்பினர்களில் இருவர் முன்வந்தால், பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி செயலர் அவர்களிடம் எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கழகத்தின் துணை உறுப்பினர் ஒருவர்