வீட்டுப்பாடம் ஏன் தருவதில்லை என்று கேட்ட அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

வணக்கம். தறிக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை அணைக்காமலே கேட்டுவிட்டுப் போனீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் தினமும் மூன்று நோட்டு எழுதுகிறான், மூன்றாம் வகுப்புக்கு வந்தும் நம் பிள்ளை பையைப் போட்டுவிட்டு விளையாட ஓடுகிறாள், இது சரியா என்று. நின்று பேச வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் மகளுக்குக் கழித்தலில் ஒரு சிக்கல். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்கிறாள். 63இலிருந்து 48 போனால் அவளுக்கு 25. கவனக்குறைவு இல்லை அண்ணா. 2இலிருந்து 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறாள். எல்லாக் கணக்கிலும் இதே வழிதான். அது என் கண்ணில் பட்டது, என் முன்னால் உட்கார்ந்து போட்டதால். வீட்டுக்குக் கொடுத்திருந்தால் டியூஷன் அக்கா விடையைத் திருத்தி எழுத வைத்திருப்பார், நானும் சிவப்பு மையில் 'சரி' போட்டிருப்பேன். இப்போது பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்திருக்கிறேன். ஐந்து கட்டில் ஒன்றைப் பிரித்து, 12 உதிரிக் குச்சியிலிருந்து 7 குச்சியை எடுக்கிறாள். குச்சி இருந்தால் சரியாக வருகிறது. தாளில் இன்னும் வரவில்லை.

பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி அங்கேயே முடிபோடுவீர்கள். துணியை மடித்துக் கொடுத்த பிறகு பழுது தெரிந்தால் கூலியில்தான் பிடிப்பார்கள். எங்கள் பாஷையில் முதலாவதற்கு வளரறி மதிப்பீடு என்று பெயர். 2012இல் முப்பருவ முறை வந்தபோது அதற்கு 40 மதிப்பெண்ணும் பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண்ணும் வைத்தார்கள். (பட்டியலை நிரப்புவதிலேயே எங்கள் நேரம் போனது தனிக் கதை.) 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. கணக்கில் உங்கள் மகள் மொட்டு. அதை ரேங்க் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குக் காட்டும் குறி, அவ்வளவுதான்.

பல்லடம் பக்கம் ராத்திரியும் தறி ஓடுகிறது. அம்மாவும் அப்பாவும் தறியில் நிற்க, பிள்ளை அப்பத்தாவிடம் இருக்கும். சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு 'மிக நன்று', இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு முட்டி போடல். அந்த நியாயம் எனக்கு ஒத்துவரவில்லை. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது. மூன்றாம் வகுப்பு அதில் இல்லை. எழுத்து வேலை தராதது என் சொந்த முடிவு.

வாசிக்கக் கொடுக்கிறேனே! தினமும் ஒரு பக்கம், சத்தமாக, அப்பத்தாவுக்கு. அவருக்கு எழுத்து தெரியாதே என்று தயங்க வேண்டாம். பிள்ளை முனகினால், "காது கேட்கலை, சத்தமா படி சாமி" என்று சொன்னால் போதும். கதை பாதியில் குழம்பினால் உங்கள் மகளைவிட அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

டியூஷனை நிறுத்தச் சொல்லவில்லை, அது உங்கள் விருப்பம். கழித்தலை மட்டும் கொஞ்ச நாள் என்னிடம் விடச் சொல்லுங்கள். நீங்கள் நெய்த துணிக்கு மீட்டர் கணக்கு எழுதும் நோட்டில் பழைய பக்கம் இரண்டு கிழித்து அனுப்ப முடியுமா? முந்தின நாளைவிட எத்தனை மீட்டர் குறைந்தது என்று அவளே போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் வகுப்பாசிரியை