திரைப்படச் சங்க ஆண்டறிக்கை: தொடக்ககால ராக் அண்ட் ரோல் படங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

அமெரிக்காவில் 1956 முதல் 1959 வரை பதின்வயதினருக்காகவே எடுக்கப்பட்ட ராக் அண்ட் ரோல் பாட்டுப் படங்களில் நான்கை இவ்வாண்டு திரையிட்டோம். கதை பெரும்பாலும் ஒப்புக்குத்தான். பாட்டுக் காட்சிகளோ பொக்கிஷம். பலவும் குறைந்த செலவில் அவசரமாக எடுத்தவை என்பதால் கேமரா அதிகம் அசையாது, வெட்டும் குறைவு. பாடுபவரின் கையும் காலும் பாட்டு முடியும்வரை கண்ணில் படும். 'ராக், ராக், ராக்' (1956) படத்தில் 14 வயதைத் தொட்டும் தொடாத பாடகர் ஃபிராங்கி லைமனை அப்படித்தான் பார்க்கிறோம். அதன் நாயகி டியூஸ்டே வெல்டுக்குப் பின்னணி பாடியவர் கானி பிரான்சிஸ். 'கோ, ஜானி, கோ' (1959) பாடகர் ரிச்சி வாலன்ஸ் தோன்றிய ஒரே படம். அது வெளிவருவதற்குள், அவ்வாண்டு பிப்ரவரி 3-ஆம் தேதியே விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார்.

இவ்வாண்டு அதிகம் மெனக்கெட வைத்தது சுருதி. சாம் கட்ஸ்மேன் தயாரித்த 'ராக் அரவுண்ட் த க்ளாக்' (1956) 77 நிமிடம் ஓட வேண்டும். ஐரோப்பிய டிவிடியில் 74 நிமிடத்திலேயே முடிந்துவிடும். நொடிக்கு 24 பிரேம் படத்தை 25 ஆக ஓட்டிப் பதிந்திருப்பார்கள். ஓட்டம் 4 சதவீதம் கூடினால் சுருதியும் ஓர் அரைச்சுரத்தில், அதாவது கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியில், ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறிவிடும். பாடகர் பில் ஹேலியின் தலைப்புப் பாட்டு 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் ஏ சுருதியில் பதிவானது. கீபோர்டில் ஏ கட்டையை அழுத்தியபடி கேளுங்கள், பிசகு உடனே காதில் இடறும். பிளேயரில் வேகத்தை 0.96 ஆக்கினால் சரியாகும். ஆனால் சுருதியை மாறாமல் வைக்கும் வசதியை முதலில் அணைக்க வேண்டும். அது இருந்தால் நேரம் மட்டும் சரியாகி, சுருதி ஏறியபடியே நிற்கும். சில டிவிடிகளில் சுருதியை முன்பே திருத்தியிருப்பார்கள். அவற்றுக்கு அந்த வசதியை அணைக்கக் கூடாது.

ஃபிராங்க் டாஷ்லினின் 'த கேர்ள் கான்ட் ஹெல்ப் இட்' (1956) வண்ண சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம். தொடக்கத்தில் டாம் யூவல் சிறிய கறுப்பு வெள்ளைச் சட்டத்துக்குள் நின்று பேசுவார். அவர் விரலால் சுண்டச் சுண்டச் சட்டம் இருபுறமும் விரியும், பிறகு வண்ணம் வரும். சின்னப் படம்தானே என்று ஆபரேட்டர் திரையின் இருபக்கக் கறுப்புத் துணியை உள்ளே இழுத்துவிட்டால் இந்த விளையாட்டே கெட்டுவிடும். முதல் பிரேமிலிருந்தே துணி, பட உயரத்தைப் போல் 2.35 மடங்கு அகலத்துக்குத் திறந்திருக்க வேண்டும். நம் 12 அடித் திரையில் படம் 5 அடி உயரத்துக்குச் சற்று மேல்தான் வரும். மேலும் கீழும் கறுப்பாக இருக்கிறதே என்று ஜூம் செய்ய வேண்டாம். அகலத்தில் கால்வாசி போய்விடும். பாடகர் லிட்டில் ரிச்சர்டின் பியானோவும் அவருக்குப் பின்னால் நிற்கும் சாக்ஸபோன்காரர்களும் ஒரே சட்டத்தில் இருப்பதுதான் இந்தப் படத்தின் அழகு.

இனி எந்தப் பிரதி வாங்கினாலும், ஓடும் நேரத்தையும் பட அகலத்தையும் சரிபார்த்த பிறகே பணம் கொடுப்பது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்