மறதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அக்கா

அன்புள்ள அக்கா,

புற்றுநோய்க்குக் கீமோ (மருந்து சிகிச்சை) எடுக்கும் நீங்கள் வாந்தி, வாய்ப்புண், கால் மரத்துப்போவது என்று எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னீர்கள். மறதியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. வயசாகிறது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். அடுத்த முறை போகும்போது அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அடுப்பில் பால் இருக்கிறது, போன் வருகிறது, பேசி முடிப்பதற்குள் பால் பொங்கிவிடுகிறது. பள்ளித்தோழியின் பெயரோ கல்யாணத் தேதியோ உங்களுக்கு மறக்கவே இல்லை. புற்றுநோயில் பெரும்பாலும் அடிவாங்குவது கவனம்தான். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மனம் பிடித்துவைக்க முடிவதில்லை. பதியவே பதியாததை அப்புறம் எங்கே தேடுவது?

இதற்கு ‘கீமோ பிரெயின்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆனால் பழி முழுக்க கீமோ மேல் இல்லை. சிலருக்கு முதல் ஊசிக்கு முன்பே தொடங்கிவிடும். நோய் கிளப்பிவிடும் அழற்சி, ஹார்மோன் சிகிச்சை, தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே இதில் பங்காளிகள். இவற்றில் சரிசெய்யக்கூடியதை முதலில் பிடிக்க வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சோடியம், கால்சியம், சர்க்கரை ஆகியவற்றை ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) எடுப்பவர்களுக்குத் தைராய்டு குறைவது உண்டு. மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். பதற்றத்துக்குக் கொடுக்கும் லோராசெபாம், வலிக்குக் கொடுக்கும் மார்பின், அலர்ஜி மாத்திரைகள் மந்தமாக்கும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாலையில் போட்டால் தூக்கம் போய்விடும். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

30 மதிப்பெண்ணுக்கு ஒரு சின்ன நினைவாற்றல் சோதனை வைப்பார்கள். அதில் 29 வாங்கினாலும் உங்கள் சிரமம் பொய்யாகிவிடாது. டிமென்ஷியா என்னும் மறதிநோயைக் கண்டுபிடிக்க வந்த சோதனை அது. இந்த நுட்பமான தடுமாற்றம் அதில் நழுவிவிடும். அதனால்தான் ஒரு நோட்டில் தினமும் குறித்துவையுங்கள் என்கிறோம்: எது மறந்தது, எத்தனை மணிக்கு, கீமோ போட்டு எத்தனையாவது நாள், முந்தைய இரவு எவ்வளவு தூக்கம், என்ன மாத்திரை. இரண்டே வாரத்தில், எந்த நேரத்தில் தலை தெளிவாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வங்கி வேலை, கையெழுத்து எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

காலை மாத்திரை போட்டோமா என்ற சந்தேகம் வந்தால் இன்னொன்றைப் போட்டுவிடக் கூடாது. ஏழு நாளுக்கும் வேளைக்கு ஒன்றாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி வாங்கி, வாரம் ஒருமுறை வேறொருவரை நிரப்பச் சொல்லுங்கள். அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. அடுப்பைப் பற்றவைத்த கையோடு டைமர் வையுங்கள். சாவிக்கும் கண்ணாடிக்கும் ஒரே இடம்.

நடைக்குச் சோம்பல் படாதீர்கள். உடம்பு தாங்கும் அளவுக்கு, மெல்ல மெல்ல வாரம் 150 நிமிடம் வரை கொண்டுபோகலாம். சோர்வும் தூக்கமும் அதில் சீராகும். ஞாபகசக்தி மாத்திரை என்று யார் கொடுத்தாலும் வேண்டாம். ஜிங்கோ என்ற மூலிகை போன்றவை ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது அது ஆபத்து.

இவ்வளவும் மெதுவாக வரும் மறதிக்குத்தான். ஒரே நாளில் குழப்பம், ஆள் அடையாளம் தெரியாமை, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், வலிப்பு, புதிதாகக் கடும் தலைவலி, குழப்பத்தோடு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்று எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் உங்களால் சொல்ல முடியாமல் போகலாம்.

டாக்டரைப் பார்க்கும் நாளில் உட்கார்ந்ததுமே நோட்டை மேசைமேல் விரித்து வையுங்கள். கூட வருபவர் கையில் பேனா இருக்கட்டும். டாக்டர் சொல்வதை அவர் எழுதிக்கொள்வார்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடுவோர்