மூன்று ஆண்டுக் கெடுவில் மூன்று பருவச் சுற்று அடங்காது

பல்கலைக்கழகப் பதவி உயர்வுக் குழுக்களுக்கும் ஆய்வுக்கு நிதி தருவோருக்கும், வணக்கம்.

பள்ளியைச் சுற்றியுள்ள மரம், செடி, மக்களையே பாடமாக்கும் இடம்சார் சூழல் கல்வியில் உழைக்கும் ஆய்வாளரின் விண்ணப்பத்தில் முதல் இரண்டு ஆண்டும் கட்டுரை இல்லாமல் கிடந்தால், ஆள் சோம்பேறி என்று நீங்கள் எளிதில் முடிவுகட்டிவிடுகிறீர்கள். அந்த இரண்டு ஆண்டில் நடக்கும் வேலையைச் சற்றுக் கேளுங்கள்.

முதலில் இடம். பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போனால் ஒரு பாடவேளைக்குள் போய்த் திரும்ப முடியாது. வண்டி தேடுவார்கள், கடைசியில் ஆண்டுக்கொரு சுற்றுலாவாக முடியும். பிறகு ஐந்தாறு மரங்களுக்கு எண் கட்டி, வாரந்தோறும் ஒரே கிழமையில் தளிர், மொட்டு, பூ, காய் பதிய வேண்டும். ‘பூ இல்லை’ என்பதையும் எழுதியாக வேண்டும். புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பூ இல்லாத நாள் பதிவாகாவிட்டால், முதல் பூ எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நீண்ட விடுமுறையில் மரம் பூத்தால் பதிவேட்டில் ஓட்டை விழும்; அதை அடைக்க அக்கம்பக்கத்தார் வேண்டும். அவர்களோடு பழகிச் சேர்க்கவே ஒரு பருவம் ஓடிவிடும்.

நீங்கள் தரும் நிதியோ மூன்று ஆண்டுக்குத்தான். ஆளெடுப்பும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் முதல் ஆண்டை விழுங்க, அறிக்கை எழுதுவது கடைசி ஆண்டின் பாதியைக் கொண்டுபோகும். மரம் தளிர்த்துக் காய்க்கும் ஓராண்டுச் சுற்றில் மிஞ்சுவது ஒன்றரைதான். அதை வைத்து, பூப்பு முந்தியது அந்த ஆண்டின் வானிலையாலா, நெடுங்கால மாற்றத்தாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஊரார் மரம், மூலிகை பற்றிச் சொல்வதைப் பதியவும் வெளியிடவும் அவர்களிடம் ஒப்புதல் வாங்குவதிலும் அவசரம் ஆகாது. தொடக்கத்தில் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எது அச்சாகப் போகிறதென்று சொன்னவருக்கே அப்போது தெரியாதே! பதிவுக்கு முன் ஒருமுறை, எழுதியதைப் படித்துக் காட்டி ஒருமுறை, வெளியிடும் முன் ஒருமுறை கேட்க வேண்டும். அரிய மூலிகை நிற்கும் துல்லியமான இடத்தை அச்சிட்டால், அடுத்த பருவத்தில் வேரோடு பிடுங்க ஆள் வந்துவிடும். தொல்குடியினர் தரவைத் தொல்குடியினரே ஆளவேண்டும் என்று 2019இல் வந்த கேர் (CARE) என்னும் தரவு நெறிகள் சொல்வதும் இத்தகைய இழப்பைக் கருதித்தான்.

1977இல் திபிலிசி நகரில் கூடிய உலக மாநாட்டின் பிரகடனம் சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்பு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. திட்டத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லி நீங்கள் கேட்கும் வினாத்தாள் முதல் மூன்றைத்தான் தொடும், அதுவும் அரைகுறையாக. ஆசிரியர் விரும்பும் விடை எதுவென்று பிள்ளைகள் சில வாரங்களிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனவே நிதியை ஐந்து ஆண்டாக்குங்கள். முதல் ஆண்டுக்கு வெளியீட்டுக் கணக்குக் கேட்காதீர்கள். உள்ளூர் மொழிக் களக் கையேட்டையும் பதிவேட்டையும் ஆய்வு வெளியீடாகவே எண்ணுங்கள். ஆசிரியர் மாற்றலாகிப் போனால் திட்டமே படுத்துவிடும் என்பதால், ஆய்வாளர் பள்ளிக்கு இரண்டு ஆசிரியரைப் பழக்கினாரா என்றும் பாருங்கள். பரிந்துரை மடலைப் பேராசிரியர்களிடம் மட்டும் வாங்காமல், ஊராரின் வாய்மொழியையும் ஒலிப்பதிவாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களிடம் கேட்க மூன்று கேள்வி போதும்: நிதி தீர்ந்த பிறகும் வந்தாரா? பதிவேடு இப்போது யார் கையில் இருக்கிறது? வெளியிட வேண்டாம் என்று சொன்னதை நீக்கினாரா?

இப்படிக்கு,
இடம்சார் சூழல் கல்விக் களப்பணியாளர்கள்