தலை எண்ணி வகுப்புப் பிரித்தல்

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்ததும், ஓய்வு பெற்ற பின்னும் குறுவட்டப் போட்டிகளுக்கு நடுவராக நீ போய் வருவதும் அறிந்து மனம் நிறைந்தது. இங்கே மகள், மருமகன், பேரன் அனைவரும் நலம். பேரன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல) அணியில் இளையோர் பிரிவுப் பயிற்சிக்குச் சென்று வருகிறான். அவனுடைய பள்ளி '5ஏ' வகுப்பைச் சேர்ந்தது என்று சென்ற கடிதத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்கே வகுப்பு உண்டா, அதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். வாழ்நாளெல்லாம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை; எனவே விரிவாகவே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் மாணவர்களை வயதை வைத்துப் பிரிக்கிறோம்; பள்ளி எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே பள்ளியின் மாணவர் எண்ணிக்கைதான் முதல் கணக்கு. இந்த ஆட்டத்தின் தன்மையை நினைத்துப் பார்த்தால் அதன் காரணம் உனக்கு உடனே புரியும். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை உடலால் மோதி வீழ்த்துவதுமான இந்த ஆட்டத்தில் அணிக்குப் பதினொருவர். பெரிய பள்ளியில் தாக்குதலுக்குப் பதினொருவர், தடுப்புக்கு வேறு பதினொருவர், உதைப்பதற்கென்றே தனியாக ஒருவன் என்று ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சிறிய பள்ளியிலோ அதே பையன்கள்தான் தாக்குதலிலும் தடுப்பிலும் மாறி மாறி நிற்க வேண்டும். கடைசிக் கால்பகுதி வரும்போது ஒரு பக்கம் களைத்திருக்கும், மறுபக்கம் ஓய்வெடுத்து வந்து நிற்கும். களைத்த உடல் மோதலைத் தாங்காது என்பதால், பொருந்தாத அணிகளை மோதவிட்டால் தோல்வியோடு காயமும் வந்து சேரும்.

டெக்சாஸில் அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்துவது யூஐஎல் எனப்படும் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இந்த அமைப்பு 1910-இல் பள்ளிகளுக்கிடையே விவாதப் போட்டி நடத்துவதற்காகத் தொடங்கப்பட்டது. விளையாட்டு பிறகுதான் வந்து சேர்ந்தது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளில் படிக்கும் மாணவர், மாணவியர் அனைவரையும் எண்ணி, 1ஏ முதல் 6ஏ வரை ஆறு வகுப்புகளாகப் பள்ளிகளை அது பிரிக்கிறது. 2024-இல் செய்த பிரிப்பின்படி 2,275 பேரும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகள் 6ஏ. 1,315 முதல் 2,274 வரை 5ஏ. கடைசியில் 105 முதல் 253 வரை 2ஏ, அதற்கும் கீழே 1ஏ. ஃபுட்பாலுக்கு மட்டும் ஒவ்வொரு வகுப்பும் எண்ணிக்கையை வைத்து மேலும் இரண்டு பிரிவுகளாகிறது. 5ஏ வரை அந்தப் பிரிவினை பருவம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். 6ஏ வகுப்பில் மட்டும், டிஸ்ட்ரிக்ட் எனப்படும், அக்கம்பக்கப் பள்ளிகள் தமக்குள் ஆடும் குழு ஒவ்வொன்றிலிருந்தும், பிளேஆஃப் என்ற, தோற்றால் வெளியேறும் சுற்றுக்குத் தகுதி பெறும் நான்கு அணிகளில் பெரிய பள்ளிகள் இரண்டும் முதல் பிரிவுக்கும், சிறியவை இரண்டும் இரண்டாம் பிரிவுக்கும் போகும். ஆக, ஆண்டுக்குப் பன்னிரண்டு மாநில வெற்றியாளர்கள். இது அதிகம், பட்டத்தின் மதிப்பே குறைகிறது என்று வருந்துபவர்கள் இங்கே உண்டு. இத்தனை பரந்த மாநிலத்தில் அது அதிகமென்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கணக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக எடுக்கப்படுகிறது. அக்டோபர் இறுதியில் ஒரு குறிப்பிட்ட நாளின் வருகைப் பட்டியலைப் பள்ளிகள் அனுப்ப வேண்டும். டிசம்பரில் எல்லைக்கோடுகள் வெளியாகும். பிப்ரவரித் தொடக்கத்தில் எந்தப் பள்ளி எந்த டிஸ்ட்ரிக்டில் ஆடும் என்ற பட்டியல் வரும். அந்தக் காலையில் பயிற்சியாளர்கள் வட்டாரக் கல்வி மையங்களில் கூடி, பட்டியல் கைக்கு வந்ததும் அங்கேயே நின்றுகொண்டு, டிஸ்ட்ரிக்டுக்கு வெளியேயான ஆட்டங்களுக்கு எதிரணிகளைத் தேடிப் பேசி முடிக்கிறார்கள். வகுப்பை எண்ணிக்கை முடிவு செய்தாலும் டிஸ்ட்ரிக்டை நிலப்பரப்புதான் முடிவு செய்கிறது. மேற்கு டெக்சாஸில் அது பெரும் சுமை. எல் பாசோவின் 6ஏ பள்ளியொன்று பிளேஆஃப் முதல் சுற்றுக்கே மிட்லாண்டு, ஒடெசா பக்கத்து அணியைச் சந்திக்க நேரும். இடையே ஏறத்தாழ 300 மைல். அளவில் சமமான எதிரணி வேண்டுமென்றால் அத்தனை தூரம் போய்த்தான் ஆக வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு நெருடலாக இருக்கும் இடம் உச்சியில் உள்ளது. 6ஏ வகுப்புக்குக் கீழ்க்கோடு உண்டு, மேற்கோடு இல்லை. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆலன் நகரத்தை எடுத்துக்கொள். 1990-இல் 18,000 பேர் வாழ்ந்த ஊர் 2020-இல் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஊருக்கு ஒரே உயர்நிலைப் பள்ளி, அதில் 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். 2,300 பேர் படிக்கும் பள்ளியும் இந்தப் பள்ளியும் ஒரே வகுப்பு. 2009-இல் வாக்காளர்கள் ஒப்புதலளித்த கடன்பத்திர நிதியில், ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில், 18,000 பேர் அமரும் மைதானத்தைக் கட்டி 2012-இல் திறந்தார்கள். அந்த ஆண்டு முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று மாநிலப் பட்டங்களை அந்தப் பள்ளி வென்றது.

நான் இப்போது வசிக்கும் ஃபிரிஸ்கோ இதற்கு நேர் எதிரான வழியில் சென்றது. 2000-இல் 34,000-க்கும் குறைவான மக்கள் இருந்த ஊர் 2020-இல் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. நம்மவர்கள் பலர் குடியேறிய ஊரும் இதுதான். இங்கே கல்வி வாரியம் பள்ளிகளைப் பெரிதாக்காமல் பெருக்கிக்கொண்டே போனது. 2022-இல் பன்னிரண்டாவது உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் இரண்டாயிரத்தைச் சுற்றியே இருக்குமாறு திட்டமிட்டதால் இவை பெரும்பாலும் 5ஏ வகுப்பில் நிற்கின்றன. விளைவை எண்ணிப் பார்: ஆலனில் தாக்குதலை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் முதலில் களமிறங்கும் பையன் ஒருவன்; ஃபிரிஸ்கோவில் பன்னிரண்டு பேர். இசைக்குழுவின் தலைமையும், மாணவர் மன்றத்தின் தலைமையும், கூடைப்பந்து அணியின் இடங்களும் இப்படியே பெருகுகின்றன. ஊருக்கே ஒரு அணி என்ற பெருமிதத்தை ஆலன் மக்கள் விட்டுக்கொடுக்க விரும்பாததை நான் மதிக்கிறேன். ஆயினும் பள்ளி விளையாட்டு என்பது ஆடுகிற பிள்ளைகளுக்காக என்றால், ஃபிரிஸ்கோ செய்ததே சரி என்பது என் உறுதியான எண்ணம். பேரன் இங்கே படிப்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

உச்சியை விட்டுவிட்டு அடிமட்டத்துக்கு வருகிறேன். நீ மிகவும் விரும்பப்போவது இந்தப் பகுதியைத்தான். 1ஏ என்பது 105-க்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் பள்ளி. நான்கு வகுப்புகளும் சேர்ந்தே அவ்வளவுதான். பருத்திக் காடும் மேய்ச்சல் நிலமுமாக இருக்கும் இந்தச் சிற்றூர்களில் பதினொருவர் அணி அமைப்பதே கடினம். எனவே அவர்கள் ஆடுவது அறுவர் ஃபுட்பால். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1934-இல், நெப்ராஸ்காவின் செஸ்டர் என்ற ஊரில் பயிற்சியாளராக இருந்த ஸ்டீபன் எப்ளர் என்பவர் இதை வகுத்தார்; முதல் ஆட்டம் ஹெப்ரான் என்ற ஊரில் நடந்தது. களம் 100 கெஜத்துக்குப் பதில் 80 கெஜ நீளம், 40 கெஜ அகலம். பந்தைத் தக்கவைக்க 10 கெஜத்துக்குப் பதில் 15 கெஜம் முன்னேற வேண்டும். ஆறு பேரில் எவனும் பந்தை வாங்கி ஓடலாம் என்பதால் தடுப்பு வரிசையில் மட்டுமே நின்று பந்தைத் தொடாமல் பள்ளிப் படிப்பை முடிக்கும் பையன் இதில் இல்லை. இடைவேளைக்கோ அதற்குப் பிறகோ ஓர் அணி 45 புள்ளிகள் முந்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிகிறது; தோற்பவனை மேலும் அடிக்க விதி அனுமதிப்பதில்லை. ஆட்களுக்கேற்ப ஆட்டத்தையே திருத்தி அமைத்த இந்த அறிவை நான் மனதாரப் போற்றுகிறேன்.

அங்கும் கோட்டின் கடுமை உண்டு. 108 பேர் படிக்கும் பள்ளி அறுவர் ஆட்டம் ஆடலாம், ஆனால் பிளேஆஃப் சுற்றுக்கு வர முடியாது. மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் ஊருக்குக் குடிவந்தால் பள்ளியின் வகுப்பே மாறக்கூடும்.

தலை எண்ணிக்கை மட்டும் போதாது என்று மற்ற மாநிலங்கள் பல திருத்தங்கள் செய்திருக்கின்றன. மாணவர்களைப் பல ஊர்களிலிருந்தும் சேர்த்துக்கொள்ளும் தனியார் பள்ளிகளின் எண்ணிக்கையை அலபாமா 1.35 ஆலும், இல்லினாய் 1.65 ஆலும் பெருக்கத் தொடங்கின. இந்தியானா வேறு வழி கண்டது: இரண்டு ஆண்டுகளில் பெற்ற வெற்றிகளுக்குப் புள்ளி போட்டு, குறிப்பிட்ட அளவு சேர்ந்தால் பள்ளியை மேல் வகுப்புக்கு ஏற்றுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. வென்ற பையன்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். அவர்களுடைய வெற்றிக்காகக் கடினமான களத்தில் நிறுத்தப்படுபவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரும் தம்பிகள். இவற்றுள் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது மின்னசோட்டாவின் முறை. இலவச மதிய உணவோ சலுகை விலை உணவோ பெறும் ஏழை மாணவர்களில் 40 விழுக்காட்டைக் கழித்துவிட்டே அங்கே பள்ளியின் அளவைக் கணக்கிடுகிறார்கள். மாலையில் வேலைக்குப் போக வேண்டிய பையன், தனிப் பயிற்சிக்கும் காலணிக்கும் காசில்லாத பையன், பெயர்ப் பட்டியலில் இருந்தாலும் களத்துக்கு வருவது அரிது என்ற உண்மையை அந்தக் கணக்கு ஒப்புக்கொள்கிறது. டெக்சாஸும் இதை ஏற்றால் நகரத்தின் நடுவிலுள்ள எளிய பள்ளிகள் பலவற்றுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அறுவர் ஆட்டத்தின் களப் படத்தையும் விதிகளையும் தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன், இக்கடிதத்தோடு வரும். சிற்றூர்ப் பள்ளிகளுக்கென்று ஆள் குறைத்து ஆடும் கபடிப் போட்டி நடத்த வேண்டும் என்று நீ முன்பு பேசிய யோசனை என்ன ஆயிற்று என்பதை அவசியம் எழுது. தைப்பொங்கலுக்கு முன் ஊருக்கு வர எண்ணியிருக்கிறேன்; பயணச்சீட்டு உறுதியானதும் தெரிவிக்கிறேன். தங்கையையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்