தடை வருவதற்கு முன் தமிழில் பேச ஓர் ஆள் வர வேண்டும்

பெறுநர்: மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்கள், சிங்கப்பூர்

பொருள்: தடுப்பூசி போடாத முதியோரிடம் கட்டுப்பாட்டுக்கு முன்பே தாய்மொழியில் பேசக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கொவிட் தடுப்பூசியை எதிர்ப்பவள் அல்ல. என் முறை வந்ததும் போட்டுக்கொண்டேன். இந்த மனு என் தந்தையைப் போன்றவர்களுக்காக.

துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். அப்போது வயது 76. தினமும் காலை ஆறரைக்கு ஈசூனில் எங்கள் புளோக் அருகிலுள்ள காப்பிக் கடையில் பழைய கூட்டாளிகளுடன் உட்காருவார். 2021 அக்டோபர் 13 முதல், தடுப்பூசி போடாதவர்கள் காப்பிக் கடையிலும் உணவங்காடி நிலையத்திலும் அமர்ந்து சாப்பிட முடியாது என்றானது. அன்று காலை, தடுப்பூசி போட்டவரா என்று சரிபார்க்க உதவும் அவருடைய டோக்கனைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் உள்ளே வர வேண்டாம் என்று கையை அசைத்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொடுத்த, பால் சேர்க்காத காப்பி ஓவைப் புளோக்கின் கீழ்த்தளத்தில், தூண் ஓரமாக நின்றபடி குடித்தார். கூட்டாளிகள் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து அவர் கீழே இறங்கவே இல்லை.

டிசம்பர் 8 முதல், தாமாகவே தடுப்பூசியைத் தவிர்ப்போர் கொவிட் சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்ற விதியும் வந்தது. "எனக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே அம்மா, உனக்குத்தான் செலவு" என்றார். அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அவரைக் காப்பாற்றத்தான் அந்தத் தடை என்பது எனக்குத் தெரியும். அதை அவருக்குப் புரியும்படி சொல்லத்தான் ஆள் இல்லை. தொண்டூழியர்கள் இருவர் வந்தார்கள், நல்ல பிள்ளைகள். ஆனால் இருவருக்கும் தமிழ் தெரியாது. அப்பா தலையை ஆட்டி அனுப்பிவைத்தார். ஜனவரியில் பக்கத்து புளோக்கில் இருக்கும் தமிழ்த் தாதி ஒருவர் எங்கள் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: "இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன், ஊசி போட்டால் நிற்காமல் இரத்தம் வருமா?" மூன்று மாதமாக அவர் மனத்தில் கிடந்த பயம் அதுதான். மகள் நானே அதைக் கேட்டறியவில்லை. அடுத்த வாரமே ஊசி போட்டுக்கொண்டார்.

2022 அக்டோபர் 10ஆம் தேதியோடு அமர்ந்து சாப்பிடுவதற்கான அந்தக் கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்கிவிட்டன. ஆனால் இன்னொரு நோய் வரும். தொற்றுநோய்களுக்கென்றே 2025 ஏப்ரலில் தனி அமைப்பும் தொடங்கியிருக்கிறீர்கள். ஆகவே இப்போதே கேட்கிறேன். முதியவர் ஒருவரைக் காப்பிக் கடையிலிருந்து விலக்கும் விதி நடப்புக்கு வரும் முன், அவர் மொழி பேசும் தாதியோ மருத்துவரோ ஒருமுறை அவரைச் சந்தித்திருக்க வேண்டும் என்பதை விதியிலேயே எழுதுங்கள். 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த மூத்தோருக்குக் குடும்ப மருத்துவர் இருக்கிறார். அவர்களிடம் அந்த மருத்துவரே தொலைபேசியில் பேசத் தொடங்கலாம்.

தமிழ் பேச ஆள் போதவில்லை என்றால் சனிக்கிழமைகளில் தொண்டூழியராக வீடு வீடாக வர நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஈசூன் குடியிருப்பாளர் ஒருவர்